ஆலாய்ப் பறத்தல்

விடியாத நாலே முக்காலுக்கு
வானொலியில் கூப்பிட்டார்கள்.
மேற்கு நங்கூரத் துறையில்
எண்ணெய்க் கப்பல்கள் இரண்டுக்கு நடுவே
ஏதோ மிதக்கிறது,
இழுத்து ஓரமாய்ப் போடு.

இழுவைப் படகுக்கு எல்லாமே எடைதான்.
கேப்டன் ஹம்சா கோப்பியை வைத்துவிட்டு
விளக்கைத் திருப்பினார்.
முதலில் தெரிந்தவை பறவைகள்.

சாய்ந்து கிடந்த கறுப்பு மேட்டின் மேல்
பதினோரு ஆலாக்கள்,
எல்லாம் காற்று வரும் பக்கம் பார்த்து,
பாசிர் பாஞ்சாங்கில் முதல் பஸ்ஸுக்கு
நிற்பவர்களைப் போல.

ரொமெல் தொப்பியைக் கழற்றினான்.
போஹோல் பக்கம் ஒரு சின்னத் தீவு அவனுக்கு.
"பறவை விழுகிற இடத்துக்குத்தான் படகை விடுவோம்.
கீழே அது வாயைத் திறந்துகொண்டு வரும்,
மீன் பயந்து மேலே வரும்,
மேலே இதுகள்.
சில சமயம் அதன் தோலில் ஊர்வதையும் கொத்தும்,
அது சும்மா கிடக்கும்.
என் அண்ணன் கொக்கியோடு குதிப்பான்."
கயிற்றைப் பிரித்துக்கொண்டே
கொஞ்ச நேரம் கழித்து,
"எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது இதுகள்தான்.
தெரிந்தா செய்தன?"

எனக்கென்ன தெரியும்.
சுவா சூ காங் நாலறை வீட்டில் வளர்ந்தவன்,
கடலென்றால் ஷிப்ட்.
ஓவர்டைமுக்கு ஒத்துக்கொள்ளும்போதெல்லாம்
"இப்படி ஆலாய்ப் பறக்காதீங்க" என்பாள் குணவதி.
அது ஒரு பறவை என்று
அன்றுதான் உறைத்தது,
பதினோரு தடவை.

வாலில் கயிறு மாட்டினேன்.
தோல் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம்
நனைந்த டயர் மாதிரி என்று சொல்லியிருக்கிறேன்.
டயர் மாதிரி இல்லை.

நாலு நாட் வேகம்.
ஹம்சா அதற்கு மேல் கூட்டவில்லை,
ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.
சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கம் தாண்டும்வரை
ஆலாக்கள் இறங்கவில்லை,
டிக்கெட் எடுத்தவை மாதிரி.

பிறகு வெளுத்தது.
ஒன்று எழுந்து
எங்கள் புரொப்பெல்லர் கிளறிய வெள்ளைத் தண்ணீரில்
செங்குத்தாய் விழுந்து
நெத்திலியோடு ஏறியது.
இன்னொன்று.
அப்புறம் எண்ண முடியவில்லை.
கயிற்றின் மறுமுனையில்
மேடு காலியாக வந்துகொண்டிருந்தது.

"நன்றி கெட்டதுகள்" என்றேன்.
ரொமெல் தலையாட்டவில்லை.
"அது மட்டும் என்ன, கூப்பிட்டா பரிமாறியது?
பசிக்குத் தின்றது. வாய் பெரிசு, சிந்தியது."

கரையில் படிவம்.
இழுத்த பொருள்: ஒன்று.
நீளம்: பத்து மீட்டர், ஏறக்குறைய.
மேலே ஆட்கள்:
பதினொன்று என்று எழுதி
அடித்து
இல்லை என்று எழுதினேன்.
அடித்தது இப்போதும் தெரியும்.

அதற்குப் பிறகு
எஞ்சினைக் கூட்டும்போதெல்லாம்
பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.
வருகிறார்கள்.
எங்களிடம் வாய் கிடையாது, வயிறு முழுக்க டீசல்.
இருந்தும் ஏதோ கலங்குகிறது,
ஏதோ பயந்து மேலே வருகிறது.
எதிரே மலை மலையாய் நிற்கும் டாங்கர்களின் அடியில்
நாங்கள் நாள் முழுக்கச் சுற்றுகிறோம்.

போன வாரம் மறுபடி ஓவர்டைம்.
குணவதி வாயைத் திறந்தாள்,
"இப்படி ஆலாய்ப்—"
"எதன் மேலேயிருந்து?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு,
"சோறு ஆறுது" என்றாள்.