காரணம்

சீனன்குடா மா ஆலையில் எடைமேடை என் வேலை.
லொறி ஏறும். எண் துடித்து நிற்கும். எழுதுவேன்.
மாதத்தில் ஆறு நாள் தொண்டர் கடற்படை.

லீவுப் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்
"சொந்த அலுவல் எண்டு போடு" என்பார் தவக்குலம்,
பேனையைத் தானே திறந்து தந்து.

போன முறை
சப்பாத்துத் தையலில் மாவைக் கண்டுவிட்டார் பெற்றி ஒஃபிசர்.
மைதானம் மூன்று சுற்று.
மான்கள் புல்லை விட்டுத் தலைதூக்கிப் பார்த்தன.

திங்கட்கிழமை.
அரைக்கைச் சட்டை, பழைய செருப்பு, காதில் பேனை.
மூதூர் லொறிக்காரர் கண்ணாடியை இறக்கினார்,
என் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார்,
கேட்காமலே அடையாள அட்டையை நீட்டினார்.

"எடை மட்டும் போதும், அண்ணை."

நீட்டிய கை நீட்டியபடி.
பின்னால் அடுத்த லொறி
ஹோர்ன் அடித்தது.