கீழ்க்கணக்கு, அதிகாலை ஐந்து முப்பத்து நான்கு

பண்டாரவளையில் ஹனீபாவின் மணிக்கூட்டுக் கடைக்கு மேல்மாடி.
அங்கேதான் எங்கள் சேவர் இருக்கிறது,
ஒரு பழைய அலுமாரியின் உயரத்தில், அதைவிடச் சூடாக.
நாற்பத்தொரு தோட்டத்து டிஸ்பென்சரிகளில்
யார் ரிசீவரைத் தூக்கினாலும்
அந்தப் பேச்சு இந்த வழியாகத்தான் போகும்,
போகும்போது ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போகும்:
யார், யாரை, எப்போது, எத்தனை விநாடி, எப்படி முடிந்தது.
என்ன பேசினார்கள் என்பதற்குப் பத்தி இல்லை.

பெரட்டில் பேர் போடுகிற மாதிரிதான் இதுவும்.
அம்மாவுக்குப் பதினெட்டுக் கிலோ வந்தால் ஒரு பேர்,
வராவிட்டால் அரைப் பேர்.
அவள் கால் அட்டைக்கு அந்தச் செக்ரோலில் பத்தி இருந்ததா?
இங்கேயும் அரைப் பேர்கள் உண்டு:
*அடித்தது, எடுக்கவில்லை. பூச்சியம் விநாடி.*

மண் சரிந்து ஒன்பதாம் நாள்
விசாரணைக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது.
கீழ்க்கணக்கு டிஸ்பென்சரியிலிருந்து அன்றிரவு
பத்துக்கும் நான்குக்கும் இடையில் போன அழைப்புகள்?
தேடினேன்.
வரிகள்: 0.

செபமாலினி, அங்கே இரவுக் கடமையில் இருந்த மிட்வைஃப்,
பள்ளிக்கூட முகாமில் கட்டுப் போட்ட கையோடு
"நான் அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்று
சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.
பயத்தில் அப்படித் தோன்றும் என்றார் அதிகாரி.
நானும், உண்மையைச் சொன்னால்,
பூச்சியத்துக்குக் கீழே கையெழுத்து வைக்கப் பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் டிஸ்க் தொண்ணூற்றிரண்டு வீதம் என்று கத்தியது.
இடம் போதாவிட்டால் பழையதிலிருந்து அழிக்கும்,
அப்படி எழுதி வைத்ததே நான்தான்.
பழையது எது என்று சும்மா பார்த்தேன்.

1970, தை முதலாம் திகதி.

எங்கள் கம்பெனிக்கு வயது ஏழு.
எனக்கு இருபத்தொன்பது.
மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது
கீழ்க்கணக்குப் பெட்டியின் காசளவு பற்றரி செத்துக் கிடந்திருக்கிறது.
நேரம் கேட்க வழியில்லாத பெட்டி
தனக்குத் தெரிந்த ஆதி நாளிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.
அந்த ஆதி நாள் நம் நாட்டில்
காலை ஐந்தரைக்கு ஆரம்பமாகிறது,
பெரட்டுக்குக் கிளம்புகிற நேரம்.

ஐந்து முப்பத்து நான்கு: ஆஸ்பத்திரி. எடுக்கவில்லை.
ஐந்து முப்பத்தைந்து: ஆஸ்பத்திரி. லைன் பிசி.
அனர்த்தப் பிரிவு. எடுக்கவில்லை.
எடுக்கவில்லை.
பதின்மூன்று வரிகள் இப்படியே.
பதினாலாவது மேல்கணக்குக் கோயில் தர்மகர்த்தாவின் கைப்பேசிக்கு.
எடுத்திருக்கிறார்.
ஐம்பத்திரண்டு விநாடி.
அதற்குப் பிறகு கீழ்க்கணக்கிலிருந்து ஒரு வரியும் இல்லை.

"திகதியை மாத்தி அனுப்புங்க மிஸ், லேசா முடிஞ்சிரும்" என்றார் மனேஜர் றுவன்.
மாற்றவில்லை. ஒருமுறை கை வைத்தால்
அடுத்த முறை யாரும் கை வைக்கலாம்.
பெட்டிக்கு நேரம் தெரியாது, சரி,
வந்த வரிக்கு இலக்கம் போடுவது என் சேவர் அல்லவா?
வெலிமடையிலிருந்து 1.12க்கு வந்த வரிக்கும்
அப்புத்தளையிலிருந்து 1.26க்கு வந்த வரிக்கும் நடுவில்
பதினாலும் நெருக்கியடித்து நிற்கின்றன.
மண் வந்தது 1.40க்கு.

அழிக்கும் வேலையை நிறுத்தினேன்.
1970ஐ 1970ஆகவே அச்செடுத்து
ஓரத்தில் இலக்கங்களை எழுதி, கையெழுத்து வைத்து,
கடித உறையை நக்கி ஒட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.

"காசு பற்றரி இருக்கா நானா? நாற்பத்தொன்று வேணும்."
"நாற்பத்தொண்டா!" லாச்சியைக் கவிழ்த்து எண்ணினார்.
"பதினேழுதான் கிடக்கு."

மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.
"பதினேழையும் தாங்க" என்றேன்.