பெருவிரல்

என் வேலை உடைப்பது.
சட்பரியில், நிக்கல் உருக்காலைக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஆய்வுகூடம்.
கொக்கி, போல்ட், சங்கிலிக் கண்ணி
எது வந்தாலும் இரண்டு தாடைக்குள் கவ்வக் கொடுத்து
இழுப்பேன், விட்டுக்கொடுக்கும் வரை.
பிறகு உடைந்த முகத்தைப் பார்ப்பேன்.
இரும்பு பொய் சொல்லாது என்பார்கள்.
சொல்லும்.
முழுசாய் இருக்கும்போது நிறையச் சொல்லும்.

இருபத்தாறு வருடத்தில்
முழுசாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.
அதனால்தான் எழுதினேன்,
ஷிமானே மலையடியில் வாள் அடிக்கும்
இனாகாகி தொமொனோரிக்கு.
அவர் கேட்டது ஒன்றுதான்: எதற்கு?
"அலங்காரத்துக்கு எண்டு போடுங்கோ அம்மா" என்றான் கபிலன்.
நான் போட்டேன்: உடைக்காமல் வைத்திருக்க.
நாலு மாதம் கழித்து விலை வந்தது.
அந்தக் காசுக்கு நல்ல வான் ஒன்று வாங்கலாம்.
என் பழைய வானுக்கு ஒரு கதவு திறக்காது,
மற்றப்படி ஓடுகிறது.

இடையிடையே படங்கள் அனுப்பினார்.
ஆற்றுமணல் இரும்பு, அடைத் தேன்போல ஓட்டை ஓட்டையாய்.
மடித்து அடித்தது. திரும்ப மடித்தது.
முதுகுக்குத் தடிப்பாய்க் களிமண், விளிம்புக்கு மெல்லிசாய்.
கடைசிப் படம் வெறும் கறுப்பு.
நெருப்பின் நிறம் படிக்க விளக்கை அணைத்துவிட்டாராம்.

தண்ணீருக்குள் போகும்போது வாள் நேர்.
வெளியே வரும்போது வளைவு.
அந்த வளைவை எந்தச் சுத்தியலும் போடவில்லை.
விளிம்பு விரிந்தது, முதுகு சம்மதிக்கவில்லை,
அவ்வளவுதான்.
சில வாள்கள் அந்த நொடியில்
'டிங்' என்று சொல்லிவிடும்.
எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்.
என் சம்பளமே அந்தச் சத்தம்தான்.
எனக்கென்று அடித்ததில் முதல் இரண்டும் சொல்லிவிட்டன.
மூன்றாவது வாயைத் திறக்கவில்லை.

பெப்ரவரியில் வந்தது, வெள்ளை மர உறையில்,
பெட்டியைச் சுற்றிச் சுங்கப் பகுதியின் பச்சை நாடா.
வெளியே முப்பத்தொரு பாகை உறைகுளிர்.
பருத்திக் கையுறை போட்டு, மூச்சை அடக்கி
விளக்கடியில் சாய்த்தேன்.
விளிம்போரமாய்ப் பனிமூட்டம் ஒன்று ஓடிற்று, நுனிவரை.

மூன்றாம் கிழமை,
நுனிக்கு நாலு விரற்கடை கீழே
மைசூர்ப் பருப்பளவு பழுப்பு.
பூதக்கண்ணாடிக்குள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
யாரோ ஒருவருடைய பெருவிரல்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன் சுங்கத்துக்கு,
நாற்பது மடங்கு பெருப்பித்த படத்தோடு.
எழுதும்போது கை நடுங்கியது.
நல்ல ஆங்கிலம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய ஆங்கிலம்.

இரும்பு பிடித்த கையும்
சிரங்கு பிடித்த கையும்
சும்மா இராதாம்.
அனுப்பிய இரவே திரும்பவும் கண்ணாடியை எடுத்தேன்.
ரேகைகளை வெட்டிக்கொண்டு சரிவாய் ஒரு கோடு.
விரிசல்களைப் படிக்கிறவள் நான்.
இந்த விரிசலையும் படித்திருக்கிறேன்.
தொண்ணூற்றொன்பதில் பாரந்தூக்கிக் கொக்கி ஒன்று
தாடையிலிருந்து பாய்ந்து வந்து
என் வலக்கையில் எழுதியது.

கையுறைக்கு முன்னாலா, பிறகா?
ஞாபகமில்லை.
அந்தப் பனிமூட்டம் ஈரமா என்று
ஒரு விரல் தானாய்ப் போய்ப் பார்த்திருக்கிறது.

சாணைக்காரர் சொன்னார்: எடுக்கலாம்,
ஆனால் கறையோடு கொஞ்சம் வாளும் போகும்.
ஒரு வாளுக்குள் இத்தனை சாணைதான் உண்டு.
இனாகாகி ஒரு வரி எழுதினார்:
காம்பில் என் பெயர் வெட்டியிருக்கிறேன்,
அங்கே வரும் துருவைத் துடைக்காதீர்கள்.
விளிம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுங்கத்திலிருந்தும் வந்தது பதில்,
கையெழுத்து ஷிசேல் திபோடோ.
"இருவர் திறந்தோம், இருவரும் கையுறையோடு.
உங்கள் மனவருத்தம் புரிகிறது.
மிக அழகான வாள்."

மாதத்துக்கு ஒரு துளி கிராம்பெண்ணெய்.
வீடெல்லாம் பல்வலி மணம்.
துணி அந்த விரலைச் சுற்றிப் போகிறது, மேலே ஏறுவதில்லை.
ஆலைக்காரர் கசடு கொட்டும் இரவுகளில்
யன்னல் சிவக்கும், வாளும் சிவக்கும்,
கொஞ்ச நேரம் கறை தெரியாது.

மன்னிப்புக் கடிதம் இரண்டு தரம் தொடங்கினேன்.
"அன்புள்ள திபோடோ அம்மையாருக்கு"
அதற்குக் கீழே
எண்ணெய்க் கையின் அடையாளம் மட்டும்
தாளில் ஊறியிருக்கிறது.