மூன்றாம் மாடிக் குளிர்காலம்

எங்கள் குளிர்காலம் மூன்றாம் மாடியில் இருக்கிறது.
மின்தூக்கியை விட்டு வந்தால் இடப்பக்கம்,
பபிள் டீ கடைக்கு அடுத்த கண்ணாடிக் கதவு.
இழுக்க வேண்டும். எல்லோரும் தள்ளுவார்கள்.

கார் கூதிர் முன்பனி பின்பனி
இளவேனில் முதுவேனில் என்று
வகுப்பில் எழுந்து நின்று ஒப்பித்திருக்கிறேன்.
ஐந்தாவது என் பெயர். அது வந்ததும்
மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்.
ஜூரோங்கில் இருப்பது இரண்டே பருவம்:
மழை;
மழை வரப்போகிறது.

பகலெல்லாம் பனித்தளம் பிறந்தநாள் பிள்ளைகளுக்கு.
பிளாஸ்டிக் பென்குவின்களைத் தள்ளிக்கொண்டு வழுக்குவார்கள்.
இரவு பதினொன்றே முக்காலுக்குமேல் நாங்கள் தேசிய அணி.
பெய் ஷான் பல் மருத்துவர்;
எதிரணிக்காரி சிரித்தால் கடைவாய்வரை எண்ணிவிடுவாள்.
ஷஹிரா சாங்கியில் பெட்டிகளுக்குள் பார்க்கிறவள்.
கேப்டன் டெஸ்மா டி குரூஸ் காப்புறுதி விற்கிறாள்,
எங்களில் ஒருத்திக்கும் விற்க முடியவில்லை.
நான் மாற்றுக் கோல்கீப்பர். அதாவது
தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பொறுப்பு.

இந்த ஆண்டு போட்டி எங்கள் ஊரில்.
நடத்தும் நாட்டுக்குத் தகுதிச்சுற்று கிடையாது,
பெயர் தானாக ஏறிவிடும்.
மங்கோலியப் பெண் ஒருத்தி மின்தூக்கியில் கேட்டாள்:
உங்கள் ஆறு எந்த மாதம் உறையும்?
ஷஹிரா சொன்னாள்: மின்கட்டணம் கட்டிய மாதம்.

முதல் நாள் ஒன்பது. அடுத்த நாள் ஏழு.
மூன்றாம் நாள் பன்னிரண்டு.
எங்கள் பக்கம் முட்டை, முட்டை, முட்டை.
பட்டியலின் அடியில் எங்கள் கொடி.
விருந்து வைத்தவர்கள் கடைசிப் பந்தியில்தானே
உட்கார வேண்டும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.
டெஸ்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் சிரிக்கவில்லை.
ஐஸில் விழுந்த கணுக்காலுக்கு
ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டம் கிர்கிஸ் அணியோடு.
வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது.
நனைந்த கூட்டம் கதவைத் திறந்து திறந்து வர
மழையின் மூச்சும் கூடவே வந்தது.
உறைபனிமேல் மூடுபனி. முழங்கால் வரை,
பிறகு இடுப்பு வரை.
பாடநூலில் விட்டுப்போன ஏழாம் பருவம்.
நடுவர் விசில். வட்டைக் காணோம்.

விருந்தாளிகள் திகைத்து நின்றார்கள்.
பிறந்ததிலிருந்து பனியில் வளர்ந்தவர்களுக்கு
இந்தப் பனி தெரியாது.
நாங்கள் டிசம்பர் நள்ளிரவுகளில் இதைத்தான்
விளக்கிக்கொண்டிருக்கிறோம், வாசல் பெருக்குவது போல.
டெஸ்மா கையால் காட்டினாள்:
மெதுவாக, வட்டமாக, ஒரே திசையில்.
சிவப்புச் சட்டை, நீலச் சட்டை எல்லாம் சுற்ற
கிரைண்டரில் மாவு நகர்வது போல
வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.
அந்த ஏழு நிமிடம் பலகையில் ஏறவில்லை.

எட்டுக்கு முட்டை. நான்கு நிமிடம் மிச்சம்.
ரூய் என்னுக்குத் தொடை பிடித்துக்கொண்டது.
பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்.
நான் எனக்குப் பின்னால் பார்த்தேன்.

முதல் அடியை நான் தடுக்கவில்லை,
அது என்மேல் மோதியது.
பதிவேட்டில் இரண்டும் ஒன்றுதான்.
அப்புறம் நெடுநேரம் யாரும் என் பக்கம் வரவில்லை.
மூடுபனி மறுபடி ஏற,
எதிர்க்கோடியில் மட்டைகள் முட்டும் சத்தம்.
பிறகு, வெள்ளைக்குள்,
ஒரு சிவப்பு விளக்கு.

எங்களுக்காக மட்டுமே ஊதவேண்டிய சங்கு.
நான்கு நாளாய் வேலையில்லாமல் இருந்த பையன்
பொத்தானைத் தேடினான்.
ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகே ஊதியது.

யார் அடித்தது, எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள்.
பெய் ஷான் ஷஹிராவைக் காட்டினாள்,
ஷஹிரா டெஸ்மாவை.
கிர்கிஸ் பெண்ணொருத்தியின் காலில் பட்டுப் போனதாகவும் பேச்சு.
நான் பார்த்தது விளக்கை மட்டும்.

நாளைக் காலை பத்து மணிக்கு யாருக்கோ ஆறு வயது.
பென்குவின்களை வரிசையாக நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினோம்.
உள்ளிருந்து போகும்போது
அந்தக் கதவைத் தள்ள வேண்டும்.
எல்லோரும் இழுத்துக்கொண்டு நின்றோம்.