பனியில் குதித்த நூற்றைந்து

எல் ஆல்டோவின் வியாழக்கிழமைச் சந்தையில்
பழைய பித்தான் விற்கிறவளுக்கும்
செல்போன் சார்ஜர்காரனுக்கும் நடுவே
ஃபெர்மின் தன் மத்தி மீன் டப்பாவைக் குலுக்குவான்.
உள்ளே பித்தளை மழை.
"எந்த நம்பர் ஜெட் வேண்டும், செனோபியா?"

சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கும்.
தொண்ணூற்றிரண்டின் துளைக்கும் தொண்ணூற்றைந்தின் துளைக்கும்
வித்தியாசம் பாதித் தலைமுடி.
என் நூற்றைம்பது சிசி வண்டிக்கு
அந்தப் பாதி முடியில்தான் உயிர் தொங்குகிறது.

நான்காயிரத்து நூறு மீட்டரில் காற்று மகா கஞ்சன்.
பெட்ரோலைக் குறைக்காவிட்டால்
வண்டி இருமும், கறுப்பாய்த் துப்பும்.
பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.
ஆகவே மேலே தொண்ணூற்றிரண்டு.

கீழே கரனாவியில், அறுநூறு மீட்டரில்,
போதும் போதும் என்றாலும் விடாமல்
இலையில் சரித்துக்கொண்டே இருக்கும் காற்று.
அங்கே தொண்ணூற்றிரண்டோடு போய் முறுக்கினால்
பிளக் எலும்பாய் வெளுக்கும்.
பிறகு பிஸ்டனின் நெற்றியில் பொத்தல்.
ஆகவே கீழே நூற்றைந்து.

"நடுவில் தொண்ணூற்றெட்டைப் போட்டுத் தொலையேன்"
என்றான் கொழுந்தன் எலோய்.
போட்டேன், ஒரு மாதம்.
மேலே புகை, கீழே சூடு.
இரண்டு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொன்னது வண்டி.

சரியான எண் எது என்று கேட்கிறவர்கள்
ஒரே ஊரில் தூங்கி எழுகிறவர்கள்.
நான் வாரம் ஒருமுறை காப்பிக்கொட்டை வாங்க இறங்கி
மறுநாள் மூட்டையோடு ஏறுகிறவள்.

லா கும்ப்ரே கணவாயில் நிறுத்துவேன்.
லாரிக்காரர்கள் அங்கே மலைக்கு ஒரு மடக்கு
சாராயம் ஊற்றிவிட்டுத்தான்
பள்ளத்தில் சக்கரம் வைப்பார்கள்.
நான் ஸ்க்ரூடிரைவரோடு மண்டியிடுவேன்.
மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால்
ஒரு கரண்டி பெட்ரோல் தரையில் சிந்தும்.
அதுதான் என் படையல்;
யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

போன வாரம் ஆலங்கட்டி.
விரல்கள் என்னுடையவையாக இல்லை.
தொண்ணூற்றிரண்டு கழன்று வந்தது.
நூற்றைந்து
விரல்நுனியில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு
பனியில் குதித்தது.

ஹெல்மெட்டில் பனியை அள்ளி அள்ளி
மூச்சால் கரைத்தேன்.
கூழாங்கல், பாட்டில் மூடி, கூழாங்கல்.
ஒரு லாரிக்காரர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கூடவே குனிந்தார்.
"மோதிரமா?"
"அதைவிட மோசம்."

கழற்றிய தொண்ணூற்றிரண்டையே திரும்ப முடுக்கினேன்.
சோக்கைப் பாதி இழுத்தேன்.
காற்றின் வாயைக் கொஞ்சம் பொத்தினால்
பெட்ரோல் கூடுதலாகும்.
அளவு இல்லை அதற்கு, ஊகம்தான்.
லீவர் நிற்கவில்லை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் நழுவியது.
என் இடது பின்னலின் நுனியிலிருந்து
கறுப்புக் கம்பளிக் குஞ்சத்தை அவிழ்த்து
அதை இழுத்துக் கட்டினேன்.

மூடுபனி, அருவி, கோக்காப் படிக்கட்டுகள்.
பாதித் தலை பின்னலாய், பாதித் தலை காற்றாய் இறங்கினேன்.
இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை
என்ஜினை அணைத்து, கை சுட்டு, பிளக்கைப் பார்த்தேன்:
கொஞ்சம் வெளுப்பு. இன்னும் கொஞ்சம் இழு.
கறுப்பு. விடு.
யோலோசா தாண்டி ஒரு நல்ல ஏற்றத்தில்
வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு
தன் சொந்தக் குரலில் பேசியது.
எத்தனை விரற்கடை இழுத்திருந்தேன் என்று
இப்போது கேட்டால் தெரியாது.

கரனாவியில் காசிமிரா காப்பி ஊற்றினாள்.
ருசி பார்க்காமல் நான்
பிளக்கைக் கோப்பையருகே பிடித்து நிறம் ஒப்பிட்டேன்.
அவள் மனம் நொந்து
கிலோவுக்கு இரண்டு பொலிவியானோ ஏற்றிவிட்டாள்.

ஃபெர்மினிடம் மூன்று நூற்றைந்து வாங்கியாயிற்று.
கணவாயில் கிடக்கிறது ஒன்று.
பனி உருகும்போது யாருக்காவது அகப்பட்டால்
எடுத்துக்கொள்ளட்டும்.
கீழே போகிறவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.