பக்கம் பார்த்து

ஆம்பூரில், ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் கம்பெனியில்
மூன்றாவது லைன், பதினேழாம் மிஷின் என்னுடையது.
வியாழக்கிழமை டீ நேரத்தில்
எச்.ஆர். தீனதயாளன் சார் நீட்டிய காகிதத்தில்
கஷ்டப்பட்டால் எல்லா வார்த்தையும் புரிந்தது,
ஒன்றைத் தவிர.
சர்கம்ஸ்பெக்ஷன்.
"இனிமேல் அதோட நடந்துக்கணும்மா.
திங்கட்கிழமை பதில் எழுதிக் கொடு, ரெண்டு காப்பி."
எதோட சார், என்றேன்.
சார் மின்விசிறியைப் பார்த்தார்.
அதற்கும் தெரியவில்லை.

மெடிக்கல் ஷாப் இம்தியாஸ் பாய்
காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து
"இது டாக்டர் சீட்டு இல்லாம கிடைக்காதும்மா"
என்றார், சிரிக்காமல்.
அப்புறம் அவரே போனில் தேடிக் கொடுத்தார்:
சுற்றும் முற்றும் பார்த்து நடத்தல்;
முன்ஜாக்கிரதை.
இவ்வளவுதானா.
இந்தச் சின்ன மீனுக்கா இத்தனை முள்.

வாக்கியத்தில் அமைத்து எழுதுக
என்று எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளில் வரும்.
நான் அதில் மார்க்கை விட்டதில்லை.

மாதனூரில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும்
பெங்களூர் லாரிகளுக்கு நடுவே
சர்கம்ஸ்பெக்ஷனோடு ரோட்டைத் தாண்டினேன்.
முள்ளுக்கத்திரிக்காயின் காம்பைப் பிடிக்கக்
கொஞ்சம் சர்கம்ஸ்பெக்ஷன் போதும்.
கிலோ எண்பது என்பவனிடம் வாயைக் கொடுக்க
அரைக்கிலோவாவது வேண்டும்.
கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்,
குழாயைத் திறந்தவுடன் கையை நீட்டுகிறவளுக்குச்
சர்கம்ஸ்பெக்ஷன் இல்லை என்று பொருள்.
சீட்டு எடுத்த பணத்தை
நாத்தனார் கண்ணெதிரில் எண்ணியவளுக்கும்.

"குழம்புல உப்பு கம்மியா இருக்கே?" என்றார் வீட்டுக்காரர்.
சர்கம்ஸ்பெக்ஷன், என்றேன்.
தனக்கு பி.பி. என்று யாரோ சொல்லிவிட்டதாக நினைத்து
பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வார்த்தை பழகிவிட்டது
புது ஷூ பழகுவதுபோல.
குதிகாலில் மட்டும் கடித்தது.

நடந்தது இதுதான்.
ஜெர்மனியிலிருந்து வந்த அம்மாள்
லைன் லைனாக நடந்து வந்து
என் மிஷின் முன்னால் நின்றாள்.
இங்கே எல்லாம் சௌகரியமா என்று
கூட வந்த பெண்ணை விட்டுக் கேட்டாள்.
"லைனுக்கு நாற்பது பேர்.
பாத்ரூம் டோக்கன் ரெண்டு."
வேறொன்றும் சொல்லவில்லை.
அந்தப் பெண் எச்சில் விழுங்கினாள்,
பிறகு அப்படியே இங்கிலீஷில் சொன்னாள்.
அவளுக்கும் ஒரு காகிதம் போயிருக்கும்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே.
இது எங்களுக்குத் தெரியாததா?
லெட்டர்ஹெட்டில் வராமலே தெரியும்.
இப்போது இரவு, மணி பதினொன்று.
பேசவில்லை. எழுதுகிறேன்.

ஐயா,
தாங்கள் குறிப்பிட்ட சர்கம்ஸ்பெக்ஷனோடுதான்
அன்று நான் பேசினேன்.
வாயைத் திறக்கும் முன் பக்கம் பார்த்தேன்.
பதினெட்டாம் மிஷினில் குமுதவல்லி
பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு
முழங்காலோடு முழங்காலை இறுக்கி உட்கார்ந்திருந்தாள்,
பத்தரையிலிருந்து.
அந்தப் பக்கமும் பார்த்தேன்.
பதினாறாம் மிஷினில் ஷகிலா
காலையிலிருந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லை.
திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.
ஆணியில் டோக்கன் இல்லை, ஆணி இருந்தது.
இவ்வளவும் பார்த்த பிறகே பேசினேன்
என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
ரூபாவதி, டிக்கெட் நம்பர் 2216.

அந்த ஒரு வார்த்தையின் ஸ்பெல்லிங்கை மட்டும்
அவர்கள் காகிதத்தோடு வைத்து
மூன்று தடவை சரிபார்த்தேன்.
காப்பி இரண்டு.