இருநூற்று இருபது

ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன்.
குனிந்து நுழைந்தாள்,
இடப்பக்கம் கோடு போட்ட மாதிரி நேராக,
வலப்பக்கம் சுருட்டையும் சிக்கலுமாக.
ஜூன் மழை. கொன்கோர்டியா தெரு முனையில்
சோளம் சுடுகிற புகையையும் மீறி
அவள் பையிலிருந்து வந்த வாடை தனியாகத் தெரிந்தது:
பிளாஸ்டிக். கொஞ்சம் மயிர்.

நேற்றிரவு பஸ்ஸில் சல்வடோரிலிருந்து வந்தவள்.
அங்கே சுவரில் நூற்று இருபத்தேழு.
இங்கே ரெசிஃபேயில் இருநூற்று இருபது.
ஒரே நாடு, ஒரே பாஷை, ஒரே பிளக்.
துளைக்குப் பின்னால் இருப்பதுதான் வேறு.
மூன்றே இழுப்பு, ஒரு வெளிச்சம்,
விடுதி மாடி முழுக்க இருட்டு.

பிரித்துப் பார்த்தேன்.
பீங்கான் பூச்சு பொரிந்திருந்தது.
வெப்ப ஃபியூஸ் தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்திருந்தது.
இது பிழைக்காது என்றேன்.
"பத்து மணிக்கு ஒரு மேசை முன்னால் உட்காரணும்."
எந்த மேசை என்று கேட்கவில்லை.
அப்போது எட்டே முக்கால்.

முப்பது வருஷமாக எல்லோருக்கும் சொல்வதை
அவளிடமும் ஆரம்பித்தேன்:
பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும்
இருநூற்று முப்பது டிகிரியில் மயங்காதீங்க,
சூட்டைக் குறைக்க முடியுதா, அதைப் பாருங்க.
பிடிக்கு அடியில் பொடி எழுத்து,
இரண்டு வோல்ட்டுக்கும் ஓடுமா, படிங்க.
தகடுகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிங்க.
நடுவில் ஒளி கசிந்தால் கீழே வச்சிடுங்க,
ஒரு இடத்தைப் பொசுக்கும், ஒரு இடத்தைத் தொடவே தொடாது.
நீங்க மறந்தாலும் அது தானா அணையணும்...

டல்வனீரா சிரித்தாள்.
"இருபது வருஷம் சலூனில் நின்றவள் நான்.
எனக்குத் தெரியாதது உங்க ஊர்க் கரண்ட் மட்டும்."
பிறகு என் தலையைப் பார்த்தாள்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

அலமாரியில் ஒயர் மாற்றி வைத்திருந்த ஒன்று,
சீட்டில்: டோனா கியோமார், பாக்கி பதினைந்து ரெயால்.
எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கடையில் கண்ணாடி கிடையாது.
ரிப்பேருக்கு வந்த டிவியின் கறுப்புத் திரை முன் நின்றாள்.
காதுக்குப் பின்னால் விரல் விட்டுத் துழாவினாள்,
ஈரம் அங்கேதான் ஒளியுமாம்.
கைக்குட்டையால் ஒற்றி, காத்திருந்து, மறுபடி தொட்டாள்.
உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் மாதிரி ஏதோ.
என் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத்
தகட்டுக்கு நடுவே கடிக்க விட்டாள்.
மஞ்சளாகத் திரும்பியது.
இருபது டிகிரி இறக்கினாள். இன்னொரு தாள்.
வெள்ளையாகவே வந்தது.

ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு,
தோணியைக் கரைக்கு இழுப்பதுபோல் அவசரமின்றி.
இரண்டாவது முறை இழுப்பவள்
முதல் முறையை நம்பாதவள் என்றாள்.
காது மடலில் பழைய வெள்ளைத் தழும்பு.
"அது?"
"பதினாறு வயசு. நடனத்துக்கு நேரமாச்சு."

முடித்ததும் பிளக்கைப் பிடுங்கினாள், ஒயரைப் பிடித்தல்ல.
மர மேசையில் வைக்காமல்
நான் சால்டரிங் வைக்கும் ஓட்டில் வைத்தாள்.
பழக்க தோஷம், ஒயரை எடுத்து
அதன் உடம்பிலேயே சுற்றப் போனேன்.
பட்டென்று என் புறங்கையில் ஓர் அடி.
"சூடு ஆறாமல் சுற்றாதீங்க! கழுத்தில்தான் அறும்."

அறும். தெரியும்.
அறுந்த கழுத்துகளால்தான் என் வாடகை ஓடுகிறது.
சொல்லவில்லை.

ஒரு பாலிதீன் பையைத் தலையில் கவிழ்த்து
மழைக்குள் ஓடினாள்.
மேசை அவளுக்கு என்ன சொன்னதோ, தெரியாது.

மூன்று மணிக்கு டோனா கியோமார் வந்தார்.
பதினைந்து ரெயாலை எண்ணி வைத்தார்.
தகட்டைத் திறந்தார், மூக்குக் கண்ணாடியை இறக்கினார்,
இரண்டு விரலால் உருவினார்
முழ நீளத்துக்கு ஒற்றைக் கருமயிர்,
ஊசி போல் நேராக.

"இது யாருடையது?"

சோதித்துப் பார்த்தேன் என்றேன்.

அவரும் என் தலையைப் பார்த்தார்.